பழைய மகிழுந்து உடற்கூட்டுச் சீரமைப்பு

பழைய மகிழுந்து உடற்கூட்டுச் சீரமைப்பு என்பது, உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கடந்த ஒரு மகிழுந்தின் தகட்டு உடலைத் துருவிலிருந்தும் நசுங்கல்களிலிருந்தும் மீட்டு, தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது அதற்கிருந்த வடிவத்தையும் வலிமையையும் மீண்டும் அளிக்கும் பணி ஆகும். தமிழகப் பட்டறைகளில் இதன் தகட்டு வேலை டிங்கரிங் என்றும், அதைச் செய்பவர் டிங்கர் என்றும் அழைக்கப்படுகின்றனர். பழுதான இயந்திரத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்த முடியும். உடற்கூட்டை அவ்வாறு மாற்றுவது எளிதன்று. எனவே மீட்டமைப்புப் பணியில் பெரும்பாலும் இப்பகுதிக்கே மிகுந்த காலமும் பொருளும் செலவாகின்றன.

இந்தியாவின் மசில் கார் என்று ஆர்வலர்களால் அழைக்கப்படும் இந்துஸ்தான் கான்டெசா இக்கட்டுரையில் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

பின்னணி

மசில் கார் என்னும் சொல், 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் உருவான, பெரிய இயந்திரம் பொருத்தப்பட்ட நடுத்தர அளவு மகிழுந்துகளைக் குறிக்கும். 1964 ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகையின் முன்னோடியாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் 6.4 லிட்டர் இயந்திரம் அடிப்படை வடிவிலேயே 325 குதிரைத்திறன் கொண்டதாக அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் இத்தகைய வாகனங்கள் உற்பத்தி செய்யப்படவில்லை. தோற்றத்தில் அவற்றை நினைவூட்டிய மகிழுந்து கான்டெசா ஆகும். பிரித்தானியாவின் வாக்சால் நிறுவனம் 1970களில் தயாரித்த விக்டர் எஃப்.இ. மாதிரியின் அடிப்படையில், மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவிலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை இதனை 1984 முதல் 2002 வரை தயாரித்தது. நீண்ட பானெட்டும் அகன்ற முகப்பும் கொண்டிருந்தபோதும், தொடக்கத்தில் இதில் அம்பாசிடரில் இருந்த 1489 கன செ.மீ. இயந்திரமே பொருத்தப்பட்டது. அதன் திறன் சுமார் 50 குதிரைத்திறன் மட்டுமே. பின்னர் ஜப்பானின் இசுசூ நிறுவனத் தொழில்நுட்பத்தில் 1.8 லிட்டர் பெட்ரோல் இயந்திரமும், அதன் பின் 2 லிட்டர் டீசல் இயந்திரமும் வந்தன.

உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், இதன் உடற்தகடுகள் இன்று புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் மஸ்டாங், கமேரோ போன்றவற்றின் மட்கார்டு, தரைத்தகடு முதலியவை மறுதயாரிப்புப் பாகங்களாக விற்பனையில் உள்ளன. கான்டெசாவின் உரிமையாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கழிக்கப்பட்ட வேறொரு வண்டியிலிருந்து பாகத்தை எடுக்க வேண்டும். இல்லையேல் வெற்றுத் தகட்டிலிருந்து கையால் உருவாக்க வேண்டும். கைவினைத் திறனே இங்கு உதிரிபாகத்தின் இடத்தை நிரப்புகிறது.

உடற்கூட்டின் வகைகள்

சீரமைப்பு முறையைத் தீர்மானிப்பது உடற்கூட்டின் வகையாகும்.

தனிச் சட்டகம்: சேசிஸ் எனப்படும் எஃகுச் சட்டகம் எடையைத் தாங்க, உடற்கூடு அதன்மேல் திருகாணிகளால் பொருத்தப்படும். 1964 ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. இவ்வகையைச் சேர்ந்தது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இத்தகையதே.

ஒருங்கிணைந்த உடற்கூடு: மோனோகாக் எனப்படும் இவ்வகையில் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடு, கதவுகளின் கீழ் நீளவாக்கில் செல்லும் பெட்டி வடிவ அடிவிட்டங்கள், தூண்கள், கூரை ஆகியவை ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே பெட்டியாக எடையைத் தாங்குகின்றன. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கான்டெசா ஆகிய மூன்றும் இவ்வகையின.

இந்த வேறுபாடு மிக முக்கியமானது. தனிச் சட்டகம் கொண்ட வண்டியில் தரைத்தகடு துருப்பிடித்தால் முதலில் கெடுவது பெரும்பாலும் வசதியும் தோற்றமுமே. ஒருங்கிணைந்த உடற்கூட்டிலோ அடிவிட்டம் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே நலிவடைகிறது. மோதலின்போது பயணிகள் அமரும் பகுதி மடங்காமல் தாங்கவேண்டிய உறுப்பு அதுவே ஆகும்.

துருப்பிடிக்கும் விதம்

இரும்பு, நீர், ஆக்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போது நீரேறிய இரும்பு ஆக்சைடு உருவாகிறது. இதுவே துரு. துருவின் பருமன் அது தோன்றிய இரும்பின் பருமனைப்போல் பல மடங்கு ஆகும். இதனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பற்றவைக்கப்பட்ட இரு தகடுகளுக்கிடையே துரு தோன்றினால், அது தகடுகளைப் பிரித்துத் தள்ளுகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு படலம் உலோகத்தைக் காப்பதுபோல் துரு இரும்பைக் காப்பதில்லை. உதிர்ந்து அடுத்த அடுக்கை வெளிக்காட்டுகிறது.

வெளிப்பூச்சில் தெரியும் கொப்புளம் பெரும்பாலும் உட்புறத்தில் தொடங்கிய துருவின் கடைசி நிலையே ஆகும். பொதுவாகத் துருப்பிடிக்கும் இடங்கள் பின்வருமாறு:

- முன்கண்ணாடி, பின்கண்ணாடி ஆகியவற்றின் ரப்பர் பட்டைக்குக் கீழுள்ள மூலைகள்
- கதவுகளின் அடிப்பகுதி
- அடிவிட்டங்களின் முன், பின் முனைகள்
- சக்கர வளைவுகளில் சேறு தங்கும் உட்புற விளிம்புகள்
- கால்மிதி விரிப்பின் கீழுள்ள தரைத்தகடு
- டிக்கியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி
- மின்கலத் தட்டும் அதன் சுற்றுப்புறமும்

துருவின் வேகம் வட்டாரத்துக்கேற்ப மாறுபடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்மேற்கில் உள்ள மணப்பாறை, வையம்பட்டி ஆகிய பகுதிகள் கடலிலிருந்து தொலைவில் உள்ள வறண்ட மேட்டுநிலங்கள். இங்கு உப்பின் தாக்கம் இல்லை. எனினும் வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்ட வண்டிக்கு வேறொரு கேடு உண்டு. உதிரும் சிற்றிலைகள் முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவாய் வழியாக உள்ளே விழுந்து வடிதுளைகளை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாத மழைநீர் வெளியேற வழியின்றி மக்கிய இலைகளில் ஈரமாகத் தங்கும். வெயில் காய்ந்த மேல்தகடு நன்றாக இருக்க, மறைவிடம் மட்டும் அரித்துப்போவதற்கு இதுவே காரணம்.

ஆய்வு

வேலையைத் தொடங்குமுன் வண்டியை முழுமையாக ஆராய்தல் வேண்டும். முன்பு பூசப்பட்ட பட்டியைக் கண்டறிய மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் பயன்படுகிறது. தகடு உள்ள இடத்தில் காந்தம் ஒட்டும். தடித்த பட்டி உள்ள இடத்தில் நழுவிவிழும். விரலால் தட்டும்போது தகடு கணீரென்றும் பட்டி மந்தமாகவும் ஒலிக்கும். அடிப்பகுதியைத் திருப்புளி முனையால் மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகடு எதிர்த்து நிற்கும். அரித்த தகடு உள்வாங்கும்.

கதவுகளைச் சுற்றியுள்ள இடைவெளியும் ஒரு சான்று ஆகும். கதவின் மேற்புற இடைவெளி ஒரு முனையில் குறுகியும் மறுமுனையில் அகன்றும் இருந்தால், கீல் தேய்ந்திருக்கலாம், அல்லது உடற்கூடு நடுவில் தொய்ந்திருக்கலாம். கதவைத் திறந்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் கீல் தேய்வு தெரியும். கீல் உறுதியாக இருந்தும் இடைவெளி சீராக இல்லையெனில் அடிவிட்டத்தை ஐயுற வேண்டும்.

சீரமைப்பின் படிகள்

பிரித்தலும் தாங்கலும்

மின்கலம், பெட்ரோல் தொட்டி, இருக்கைகள், விரிப்புகள், கண்ணாடிகள் ஆகியவை முதலில் அகற்றப்படுகின்றன. ஒவ்வொரு பாகமும் பெயரிட்டு வைக்கப்பட்டு, பிரிக்கும்முன் நிழற்படம் எடுக்கப்படுகிறது.

அடிவிட்டத்தை வெட்டுமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, வாயிலின் வடிவத்தை நிலைநிறுத்த வேண்டும். வாயிலின் மூலைவிட்ட அளவுகள் குறித்துவைக்கப்பட வேண்டும். வண்டியின் எடை சக்கரத் தொங்கல் அமைப்பின் இணைப்பிடங்களில் தாங்கப்பட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் கூடு சிறிது தொய்யும். புதிய தகடு அந்தத் தொய்வான நிலையிலேயே பற்றவைக்கப்பட்டுவிடும். அதன்பின் கதவு ஒருபோதும் சரியாக மூடாது. இரு பக்க அடிவிட்டங்களையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது என்பதும் இதனால்தான்.

துருவை அகற்றல்

மேற்பரப்புத் துரு கம்பித் தூரிகை, உப்புத்தாள், சாணைச் சக்கரம் ஆகியவற்றால் நீக்கப்படுகிறது. குழிகளில் எஞ்சும் துருவுக்குப் பாசுபாரிக் அமிலம் கலந்த கரைசல் பூசப்படுகிறது. இது துருவை இரும்புப் பாசுபேட்டாக மாற்றுகிறது. மணல் வீச்சு முறை விரைவானது. ஆனால் அதிக அழுத்தத்தில் வீசினால் பானெட், கூரை போன்ற அகன்ற மெல்லிய தகடுகள் நெளிந்துவிடும். அத்துடன் சிலிக்கா மணல் தூசு சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயை உண்டாக்கும்.

வெட்டி ஒட்டல்

துளைவிழுந்த தகட்டைச் சுற்றி நல்ல உலோகம் தென்படும்வரை வெட்டியெடுத்தலே சரியான முறையாகும். துருவின்மேல் புதுத் தகட்டை ஒட்டுவது தற்காலிக மறைப்பே. இரு தகடுகளுக்கிடையே ஈரம் தங்கி அரிப்பு முன்னிலும் விரைவாகத் தொடரும்.

மாற்றுத் தகட்டின் தடிமன் மூலத் தகட்டை ஒத்திருக்க வேண்டும். வெளித்தகடுகளுக்குப் பெரும்பாலும் 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. தகடும், எடை தாங்கும் பகுதிகளுக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. தகடும் பயன்படுகின்றன. முதலில் அட்டையில் அச்சு வெட்டிப் பொருத்திப் பார்த்து, பின் அதைத் தகட்டில் வரைந்து வெட்டுவது வழக்கம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைப் பயன்படுத்தினால், பற்றவைக்கும் விளிம்பிலிருந்து துத்தநாகத்தைத் தேய்த்து நீக்க வேண்டும். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

பழைய பட்டறைகளில் ஆக்சிசன், அசிட்டிலீன் வாயுக்களைக் கொண்ட கேஸ் வெல்டிங் வழக்கிலிருந்தது. அதன் சுடர் 3000 பாகை செல்சியசுக்கு மேல் செல்வதுடன், வெப்பமும் அகலமாகப் பரவுவதால் மெல்லிய தகடு எளிதில் நெளியும். இன்று சி.ஓ.2 வெல்டிங் எனப்படும் கம்பி ஊட்டும் மின்பற்றவைப்பு பரவலாகியுள்ளது. இதற்கு 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி ஏற்றது. ஒரே கோடாக ஓட்டாமல், தொலைவில் ஒரு புள்ளி, எதிர்ப்பக்கத்தில் ஒரு புள்ளி என மாற்றி மாற்றி வைத்து, இடையிடையே ஆறவிட்டு இணைப்பை நிறைவு செய்தல் வேண்டும். தொழிற்சாலையில் புள்ளிப் பற்றவைப்பு இருந்த இடங்களில், மேல்தகட்டில் சிறு துளைகளிட்டு அவற்றை நிரப்பிப் பற்றவைப்பதன் மூலம் பழைய வலிமையைப் பெறலாம்.

இறுதியாகப் பற்றவைக்கும்முன் கதவு, மட்கார்டு, பானெட் ஆகியவற்றைத் திரும்ப மாட்டி இடைவெளிகளைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

நசுங்கலை எடுத்தல்

டிங்கரின் அடிப்படைக் கருவிகள் சுத்தியலும் டாலியும் ஆகும். டாலி என்பது கைக்குள் அடங்கும் கனமான எஃகுக் கட்டி. தகட்டின் பின்னால் டாலியை வைத்து, அதற்கு நேர்மேலே சுத்தியலால் தட்டினால் தகடு சமமாகும். ஆனால் சிறிது நீளவும் செய்யும். டாலியைப் பள்ளத்தின் அடியில் வைத்து, அருகிலுள்ள மேட்டில் தட்டினால், தகடு நீளாமலேயே பள்ளம் எழும்பி மேடு தாழும். எந்த இடத்தில் எம்முறை பொருந்தும் என்று அறிவதே இத்தொழிலின் நுட்பமாகும்.

நீண்டுபோன தகடு, எண்ணெய் டப்பாவின் அடிபோல் அழுத்தினால் உள்ளும் வெளியும் துள்ளும். அதனைச் சிறு வட்டமாகச் செந்நிறம் வரை சுடவைத்து, ஈரத்துணியால் குளிரச் செய்து சுருக்குவர். தேர்ந்த டிங்கர்கள் கண்ணைவிட உள்ளங்கையையே நம்புகின்றனர். மெல்லிய துணியை இடையில் வைத்துத் தடவும்போது பார்வைக்குத் தெரியாத மேடுபள்ளம் கைக்குப் புலப்படும்.

பட்டி

பாலியெஸ்டர் பிசினுடன் டால்க் தூள் கலந்த பசையே இன்று பட்டி எனப்படுகிறது. இது பரவலாவதற்கு முன் மேலைநாட்டுப் பட்டறைகளில் காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம் உருக்கிப் பூசப்பட்டது. அது உறுதியானது, ஆயினும் காரீயத் தூசு நச்சுத்தன்மை கொண்டது.

பட்டி தன்னளவில் தீயதன்று. தட்டிச் சமப்படுத்திய தகட்டில் எஞ்சும் நுண்ணிய ஏற்றத்தாழ்வை நிரப்புவதே அதன் பணி. அதன் தடிமன் 3 மி.மீ.க்குள் இருத்தல் நலம். அதற்கு மேற்பட்டால் அதிர்விலும் வெப்பத்திலும் விரிசல்விட வாய்ப்பு மிகும். பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஆகவே துளைகளை மூட அதனைப் பயன்படுத்தினால், பின்புறத்திலிருந்து வரும் ஈரம் பூச்சின் அடியில் சேர்ந்து சில மழைக்காலங்களில் கொப்புளமாக வெளிப்படும். அடிவிட்டத்தில் பட்டியும் தாளும் அடைத்துப் பூச்சடித்த வண்டி, வாங்குபவரின் கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும். அதன் வலிமையோ திரும்பியிருக்காது.

அடிப்பூச்சும் வெளிப்பூச்சும்

வெறும் தகட்டின்மீது ஈரம் புகாத எப்பாக்சி அடிப்பூச்சு அடிக்கப்படுகிறது. அதன்மேல் பட்டி, பின் நிரப்புப் பூச்சு, பின் நிறப்பூச்சு என்பது வழக்கமான வரிசை. உப்புத்தாளின் எண் கூடக்கூட அதன் மணி நுண்ணியதாகும். பட்டியை 80 இல் தொடங்கி 180, 320 எனத் தேய்த்து, நிறப்பூச்சுக்கு முன் 400 முதல் 600 வரை செல்வர். நீண்ட மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் மட்டுமே பரப்பு நேராக அமையும். விரல்களால் தேய்த்தால் அலை உண்டாகும்.

பழைய இந்திய மகிழுந்துகளில் நைட்ரோசெல்லுலோசு லாக்கர் பரவலாகப் பயன்பட்டது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இதனை அடித்தால் பரப்பில் வெண்படலம் தோன்றும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கம் போன்ற இடங்களில் மழைக்காலத்தில் இவ்வேலையைத் தவிர்ப்பது நல்லது.

உட்புறக் காப்பு

பற்றவைத்த இணைப்புகளில் அடைப்புப் பசை இடப்படுகிறது. அடிவிட்டம், கதவு போன்ற மூடிய குழிகளுக்குள் திரவ மெழுகு பீச்சப்படுகிறது. வடிதுளைகள் திறந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும். வெளியே தெரியாத இப்படியே வண்டியின் எதிர்கால ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பாதுகாப்பு

காலியான பெட்ரோல் தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. உள்ளிருக்கும் ஆவி தீப்பொறியால் வெடிக்கக்கூடும். ஆகவே பற்றவைப்புக்கு முன் தொட்டி வண்டியிலிருந்து அகற்றப்பட வேண்டும். வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டியின் அடியில் நுழையக் கூடாது. இருபொருள் பாலியூரித்தேன் பூச்சுகளின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட்டுகள் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லவை. முகத்தில் கட்டும் கைக்குட்டை இதற்குப் போதாது. தூய காற்று செலுத்தும் முகமூடி தேவை.

தமிழகத்தில் தகட்டு வேலை

தமிழகத்தில் தகட்டு வேலைக்கு வலுவான அடித்தளம் உண்டு. கரூர் பேருந்துக் கூடு கட்டுவதிலும், நாமக்கல், திருச்செங்கோடு ஆகியவை சரக்குந்துக் கூடு கட்டுவதிலும் பெயர்பெற்றவை. திருச்சிராப்பள்ளியில் பொன்மலை இரயில்வே பணிமனை உள்ளது. நீலகிரி மலை இரயிலுக்கான நீராவிப் பொறிகள் அங்கு புதிதாகவே உருவாக்கப்பட்டுள்ளன. பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆய்வு நிறுவனமும் 1975 முதல் இந்நகரில் இயங்கி வருகிறது. கொதிகலன்களின் தடித்த தகடுகளுக்கும் மகிழுந்தின் ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கும் பெரும் வேறுபாடு இருந்தாலும், வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதே இரண்டிலும் அடிப்படை.

ஆயினும் கையால் தகடு வளைக்கும் திறன் அருகிவருகிறது. இன்றைய வண்டிகளில் நசுங்கிய மட்கார்டைத் தட்டி எடுப்பதைவிடப் புதிதாக மாற்றுவதே வழக்கமாகிவிட்டதால், புதிய தலைமுறையினருக்கு இதில் பயிற்சி பெறும் வாய்ப்புக் குறைவு. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடப்பிரிவுகளில் உடற்கூட்டுப் பழுதுபார்ப்பும் வண்ணப்பூச்சும் தனித்தனிப் பிரிவுகளாக இடம்பெற்றுள்ளன. 2015 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் திறக்கப்பட்ட ஜீடி மகிழுந்து அருங்காட்சியகத்தில் பழைய உடற்கூட்டு வடிவங்களை மாணவர்கள் நேரில் காணலாம்.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் இதனை உறுதி செய்தது. பழுதடைந்த தகட்டை அதே வடிவில் புதுப்பித்தல் பழுதுபார்ப்பே ஆகும். கூரையை அகற்றுதல் போன்றவை மாற்றியமைத்தலாகும். நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படுவதால், அதனை மாற்றினால் சான்றிதழிலும் திருத்த வேண்டும். ஒருங்கிணைந்த உடற்கூட்டில் சேசிஸ் எண் உடல் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அப்பகுதியை வெட்டவோ சாணையிடவோ பட்டியால் மூடவோ கூடாது. எண்ணை இழந்த வண்டியின் அடையாளத்தை நிறுவுவது மிகக் கடினம்.

மத்திய அரசு 2021 ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். அவை மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும்; சேசிஸ், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. இவ்வாண்டுக் கணக்கின்படி 1984 ஆம் ஆண்டு பதிவான கான்டெசா 2034 ஆம் ஆண்டிலேயே இத்தகுதியை எட்டும். எனவே இன்று செய்யப்படும் வேலை மூல வடிவை எந்த அளவு காக்கிறது என்பது பின்னாளில் சட்ட அடிப்படையிலும் பொருள்படும்.

மூலத்தன்மை

எவ்வளவு சீரமைப்பது என்பதில் ஆர்வலர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. புதிதுபோல் பளபளக்கச் செய்வதே மீட்டமைப்பு என்பது ஒன்று. மூலத் தகட்டையும் பூச்சையும் இயன்றவரை தக்கவைத்து, தேவையான இடத்தில் மட்டும் கைவைக்க வேண்டும் என்பது மற்றொன்று. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட தூரின் சாசனம் இரண்டாவது கருத்தை ஒட்டியே, வாகனத்தின் வரலாற்றுத் தடயங்களைக் காக்குமாறு கூறுகிறது.

இரு கருத்தினரும் உடன்படும் செய்தி ஒன்று உண்டு: எடை தாங்கும் உலோகம் அரித்துவிட்டால் அதற்கு மாற்று உலோகமே ஆகும். பூச்சின் பளபளப்பு சில ஆண்டுகளில் மங்கினால் மீண்டும் அடித்துக்கொள்ளலாம். அடிவிட்டத்தில் விட்ட குறையோ கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, விபத்தின்போதே வெளிப்படும்.